துடுப்பும் துணையும்

தண்ணீரைப் பற்றி எழுதுகிறவனுக்குத் தண்ணீர் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இருந்திருந்தால் என் நாவல்களில் பாதி அச்சேறியிருக்காது. கொள்ளிடக் கரையில் பிறந்தேன் என்பதையே மூலதனமாக வைத்து இருபது வருஷமாக வியாபாரம் நடத்தி வருகிறேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த நீச்சல், கோயில் குளத்தில் இந்தப் படியிலிருந்து அந்தப் படிக்குப் போகிற நீச்சல். நாற்பத்தாறு வயது வரை துடுப்பைக் கையால் தொட்டதில்லை.

தொட்டது எங்கே? காவிரியிலும் இல்லை, கொள்ளிடத்திலும் இல்லை. பசிபிக் மகா சமுத்திரத்தின் நடுவே, ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில். விதி என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் கிடையாது.

என் மைத்துனன் கலிபோர்னியாவில் இருக்கிறான். போன வருஷம் நானும் என் மனைவியும் அவன் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தோம். "அக்கா, உனக்கு என்ன பார்க்கணும்?" என்று கேட்டான். நயாகரா என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். "கவாயில் இறைவன் கோயில்" என்றாள். 1970-ல் அமெரிக்கத் துறவி ஒருவர் நிறுவிய ஆதீனம் கட்டிய கோயில் அது. பெங்களூரில் சிற்பிகள் கையாலேயே செதுக்கிய கற்கள் கப்பலேறிப் போய், சோழர் பாணியில் சிவாலயமாக எழுந்து, 2023-ல் கும்பாபிஷேகம் கண்டது. தரிசனம் செய்தோம். அதைப் பற்றித் தனியாக எழுத உத்தேசம். இங்கே சொல்ல வந்தது, அந்தக் கோயில் நிலத்தை ஒட்டி ஓடுகிற வைலுவா ஆற்றைப் பற்றி.

மேலேயிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி, "தாமிரபரணி மாதிரியே இருக்கு" என்றாள். அம்பாசமுத்திரத்தில் பிறந்தவர்களுக்கு உலகத்தில் எந்த ஆற்றைப் பார்த்தாலும் இந்த வியாதி உண்டு.

ஆனால் அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. தீவின் நடுவில் வையாலேயாலே என்று ஒரு மலை. உயரம் 5,148 அடி. உலகத்திலேயே மிகுதியாக மழை பெய்கிற இடங்களில் ஒன்று. சென்னைக்கு ஓராண்டில் கிடைப்பது ஏறக்குறைய 55 அங்குலம். அந்த மலை உச்சிக்கு 350 அங்குலத்துக்கு மேல். அங்கே கொட்டுகிற நீர் கடலைச் சேர நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. காலையில் மலையில் பெய்தது மத்தியானத்துக்குள் கடலில் இருக்கும். பொதிகைக்குக் கீழே பிறந்த ஆற்றின் சுபாவமும் மேல் பகுதியில் அதுதானே!

மறுநாள் அந்த ஆற்றில் படகு விடலாம் என்று தீர்மானமாயிற்று. மைத்துனன் வரவில்லை. அவனும் மூன்று சிநேகிதர்களும் அதற்கடுத்த நாள் கடலில் போவதாக ஏற்பாடு; அதற்கான சாமான்களைச் சேகரிப்பதில் மும்முரமாக இருந்தான்.

ஆற்றங்கரைக் கடையில் இரண்டு பலகைகள் தொங்கின. ஒன்றில் 'வழிகாட்டியுடன்', மற்றதில் 'நீங்களே'. எழுத்தாளனுக்கு இரண்டாவது பலகையைக் கண்டால்தான் கால் நகரும். "நாங்களே" என்றேன்.

கயாக் என்பது துருவப் பிரதேசத்து மக்கள் கண்ட படகு. மரச் சட்டத்தின்மேல் கடல்நாயின் தோலைப் போர்த்தி, மேலே ஓர் ஆள் நுழைய மட்டும் துவாரம் விட்டு, பனிக்கடலில் வேட்டைக்குப் போனார்கள். உஷ்ணப் பிரதேசத்துக்கு வந்து சேர்ந்தபோது அது பிளாஸ்டிக்காக மாறிவிட்டது. உள்ளே நுழையவேண்டியதில்லை, மேலேயே உட்காரலாம். அடியில் நாலைந்து ஓட்டைகள். பார்த்தவுடன் எனக்குத் திக்கென்றது. படகுக்குள் அலை அடித்த தண்ணீர் வடிந்து போவதற்காக வைத்த ஓட்டைகளாம். துடுப்பு ஒன்றுதான், இரண்டு முனையிலும் இலை. வலது இடது என்று மாற்றி மாற்றிப் போடவேண்டும்.

அந்தத் தீவுக்காரர்களின் சொந்த ஓடம் வேறு. கோவா மரத்தைக் குடைந்து, கவிழாமல் இருக்கப் பக்கத்தில் மிதப்புக் கட்டை கட்டியது. கரையோரப் பலகைகளில் 'கட்டமரான்' என்ற வார்த்தையையும் கண்டேன். நம்முடைய கட்டுமரம்தான் இங்கிலீஷில் போய் அப்படிச் சீர்குலைந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், இரட்டை அடிப்பாகமும் எஞ்சினும் வைத்த சொகுசுக் கப்பல்! ஊரைவிட்டுப் போனவன் பணக்காரனாகித் திரும்பி வந்து, நம்மை அடையாளம் தெரியாமல் பார்த்ததுபோல் இருந்தது.

கடைக்காரர் அறுபது வயதுத் தீவுக்காரர். எங்களைக் கால்மணி நேரம் நிற்க வைத்துப் பாடம் சொன்னார். வலது கரையை ஒட்டியே போகவேண்டும். நடு ஆறு பெரிய சுற்றுலாப் படகுகளுக்கு. ஆறு இரண்டாகப் பிரியும் இடத்தில் வடக்குக் கிளையில் திரும்பவேண்டும். ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. அதற்குமேல் படகைக் கரையில் இழுத்துவிட்டு, காட்டு வழியில் நடந்து, நடுவில் ஓரிடத்தில் ஆற்றில் இறங்கிக் கடந்தால் சுமார் 100 அடி உயர அருவி.

"தண்ணீர் நிறம் மாறினால் கடக்காதீர்கள்" என்றார். பிறகு, "போவது சுலபம், திரும்புவது கஷ்டம்" என்றார்.

ஆற்றை எதிர்த்துப் போவது சுலபமாம், ஆற்றோடு திரும்புவது கஷ்டமாம். மனிதர் வார்த்தையை மாற்றிப் போட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

இருவர் போகும் கயாக்கில் பின்னால் உட்காருகிறவர்தான் திசை திருப்பவேண்டும். சொல்லவேண்டுமா? நான் பின்னால் உட்கார்ந்தேன். முதல் பத்து நிமிஷத்தில் மூன்று தடவை கரையோரப் புதரில் போய்ச் செருகிக்கொண்டோம். அந்த நாட்டில் இரட்டைக் கயாக்குக்கு 'விவாகரத்துப் படகு' என்று பரிகாசப் பெயர் ஒன்று உண்டு என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன். மூன்றாவது தடவை என் மனைவி தலையிலிருந்த இலைகளைத் தட்டிவிட்டு, "நான் பின்னால வரட்டுமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். இடம் மாறினோம். அதன்பிறகு படகு நூல் பிடித்ததுபோல் போயிற்று.

முன்னால் உட்கார்ந்தவனுக்கு வேடிக்கை பார்க்க அவகாசம் உண்டு. கரை நெடுக 'ஹவ்' என்ற மரம் தண்ணீர்மேல் சாய்ந்து, பின்னிப் பிணைந்து கிடந்தது. இலையைப் பார்த்தால் நம் பூவரசு. பறித்துச் சுருட்டிப் பீப்பி ஊதலாம்போல் இருந்தது. பூவும் அப்படித்தான், காலையில் மஞ்சளாகப் பூத்துச் சாயங்காலம் சிவந்து உதிரும். முந்தின நாள் உதிர்ந்த சிவப்புப் பூக்கள் தண்ணீரில் மிதந்தன. தாழைக்கோழி ஒன்று சிவந்த நெற்றியோடு புதருக்குள் ஓடியது. காட்டிலிருந்து சேவல்கள் கூவின. அந்தத் தீவு முழுவதும் சொந்தக்காரன் இல்லாத கோழிகள். 1992-ல் இனிகிப் புயல் கூண்டுகளை உடைத்துவிட்டதால் இப்படிப் பெருகின என்று ஊரார் சொல்கிறார்கள். முதுகில் காற்று இதமாகத் தள்ளியது. ஆற்றில் இழுப்பே இல்லை. ஒரு மணி நேரத்தில் கிளை பிரியும் இடத்தைத் தாண்டிக் கரை சேர்ந்துவிட்டோம். எனக்குக் கர்வம் தலைக்கேறியிருந்தது.

ஆற்றைக் கடக்கும் இடத்துக்கு வந்தோம். குறுக்கே கயிறு கட்டியிருந்தது. முழங்காலுக்கு மேல் தண்ணீர். நன்றாக வெயில் அடித்தது. ஆனால் தண்ணீர் செம்மண் நிறமாக இருந்தது. சருகும் சுள்ளியும் அடித்துக்கொண்டு வந்தன.

எனக்கு ஏற்பட்ட உணர்ச்சியை மறைக்காமல் சொல்கிறேன். சந்தோஷம்! காவிரிக்காரனுக்குச் சிவந்த தண்ணீர் என்றால் புதுப்புனல், ஆடிப்பெருக்கு, சித்திரான்னம். எங்கள் ஊர் வெள்ளம் மேட்டூரில் திறக்கிற தேதியைப் பத்திரிகையில் போட்டுவிட்டு, நாள் கணக்காக நடந்து வருகிற வெள்ளம். "பார், புதுத் தண்ணீர்!" என்று கயிற்றைப் பிடித்துவிட்டேன்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் மனைவி. தண்ணீர் விளிம்பில் தலையை நீட்டிக்கொண்டிருந்த ஒரு கல்லைக் காட்டி, "இதைப் பார்த்துக்கிட்டே இருங்க" என்றாள். பாபநாசத்தில் குளிக்கும்போது அவள் அப்பா கற்றுக்கொடுத்த வித்தையாம். பத்து நிமிஷம் பார்த்தோம். கல் காணாமற் போய்விட்டது.

"மலையில பெய்யுது. இங்கே வெயில் அடிச்சா என்ன? திரும்பிடலாம்."

"இவ்வளவு தூரம் வந்துவிட்டு..." என்று ஆரம்பித்தேன். மனித ஜாதி செய்த பிசகுகளில் பாதிக்கு இந்த இரண்டரை வார்த்தைதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. எங்கள் கண்ணெதிரே நாலைந்து இளைஞர்கள் சிரித்துக்கொண்டே கயிற்றைப் பிடித்துக் கடந்து போனார்கள். ஒன்றும் ஆகவில்லை. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பினேன்.

திரும்பும்போதுதான் கடைக்காரர் வார்த்தையை மாற்றிச் சொல்லவில்லை என்று தெரிந்தது. காலையில் முதுகைத் தட்டிக் கொடுத்த காற்று இப்போது மார்பில் கை வைத்துத் தள்ளியது. கடலிலிருந்து வீசும் கீழ்காற்று அங்கே மத்தியானத்துக்குமேல் வலுக்கும். துடுப்பை நிறுத்தினால் படகு பின்னால் போயிற்று. தோள்பட்டை கழன்று விழும்போல் இருந்தது. கொஞ்ச நேரம் சண்டை போடவும் மூச்சு இல்லை. அந்த மௌனத்தில்தான், பத்து வருஷத்துக்கு முன் வந்த ஒரு கடிதம் ஞாபகத்துக்கு வந்தது.

என் தொடர்கதை ஒன்றில் ஓர் ஓடக்காரன் வருவான். நடு ராத்திரி, கொள்ளிடத்தில் வெள்ளம், அக்கரையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வேதனை. வைத்தியரையும் இன்னும் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு ஓடத்தை அவிழ்க்கிறான். நடு ஆற்றில் போய்விடுகிறான். அந்த அத்தியாயத்துக்கு நூற்றுக்கணக்கில் கடிதம் வந்தது. அழுதோம் என்று எழுதாதவர்கள் இல்லை. ஒரே ஒரு கார்டு மட்டும் வேறு மாதிரி. கொள்ளிடத்துத் துறை ஒன்றில் முப்பது வருஷம் ஓடக்கோல் பிடித்தவர் எழுதியது. பேரன் கையால் எழுதச் சொல்லியிருந்தார்.

"ஐயா, உங்கள் ஆள் துணிச்சல்காரன். ஆனால் ஓடக்காரன் இல்லை. நான் முப்பது வருஷத்தில் பதினொரு தரம் பாதி ஆற்றில் திருப்பியிருக்கிறேன். பதினொரு தரமும் ஏச்சு வாங்கியிருக்கிறேன். அவன் செத்தது சரி. ஓடத்தில் இருந்த நாலு பேர் என்ன ஆனார்கள்? நீங்கள் எழுதவில்லையே."

எழுதவில்லைதான். அவர்களை ஏற்றியதோடு மறந்துவிட்டேன். கிழவருக்கு இலக்கியம் புரியவில்லை என்று சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரித்தேன். பதில் போடவில்லை.

கடைக்குத் திரும்ப இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. கடைக்காரர் எங்களைப் பாராட்டவும் இல்லை, என்ன பார்த்தீர்கள் என்று கேட்கவும் இல்லை. லைஃப் ஜாக்கெட் இரண்டு, துடுப்பு இரண்டு என்று எண்ணி நோட்டில் கோடு போட்டார். சற்றைக்கெல்லாம் அந்த இளைஞர்களும் வந்து சேர்ந்தார்கள். அருவி பிரமாதமாம். படம் காட்டினார்கள். என் மனைவி அவற்றை ஆசையோடு பார்த்தாள். திரும்பி வந்தது சரிதான் என்று அன்று எங்களுக்கு யாரும் சாட்சி சொல்லவில்லை. திரும்புகிறவனுக்கு எப்போதுமே சாட்சி கிடைப்பதில்லை.

அன்றிரவு மைத்துனன், "அத்தான், நீங்களும் நாளைக்குக் கடலுக்கு வாங்க" என்று கூப்பிட்டான். அவன் மனத்தில் ஒரு தெய்வம் இருந்தது. ஆட்ரி சதர்லண்ட் என்ற அம்மாள். ஓவாஹுத் தீவில் வாழ்ந்து, நாலு குழந்தைகளைத் தனியாக வளர்த்தவர். 1960-களில் மொலோகாய்த் தீவின் வடகரையில், மூட்டையைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு தன்னந்தனியாக நீந்திப் போனார். பிறகு காற்றடைத்த கயாக்குக்கு மாறி, அறுபது வயதுக்குமேல் அலாஸ்காக் கரையோரத்தில் ஆயிரக்கணக்கான மைல் தனியே துடுப்புப் போட்டார். 2015-ல் காலமானார். "அவங்களாலே முடியும்னா..." என்றான்.

"அவங்க போறதுக்கு முந்தி எவ்வளவு நாள் வரைபடத்தை வச்சுக்கிட்டு உட்கார்ந்தாங்கன்னும் படிச்சியா?" என்று கேட்டாள் அவன் அக்கா.

படித்திருந்தான். அதற்காக அவனை மெச்சத்தான் வேண்டும். தீவின் வடமேற்கே நா பாலி என்று ஒரு கரை. 'பாலி' என்றால் செங்குத்துப் பாறை. சுமார் 4,000 அடி வரை எழும் பாறைச் சுவர் 27 கிலோமீட்டருக்கு நீண்டு கிடக்கிறது. அங்கே சாலை கிடையாது. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் அலைகள் வீட்டுயரம் எழும். கயாக் கோடையில் மட்டும்தான். அதுவும் ஒரே திசையில், ஹாயெனாவிலிருந்து போலிஹாலேவுக்கு. காற்றும் நீரோட்டமும் அந்தப் பக்கம் தள்ளும். காற்றோடு போகிற பிரயாணம் சுகமானது. ஆனால் பாதியில் மனம் மாறினால் எதிர்த்துத் திரும்ப முடியாது. ஆற்றிலாவது கல்லைப் பார்த்துத் தீர்மானிக்கலாம்; இங்கே தீர்மானத்தையெல்லாம் கரையிலேயே முடித்துவிடவேண்டும். அவன் ஒரு வாரமாக அலை அறிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். முந்தின தடவை வந்தபோது அலை சரியில்லை என்று போகாமலே திரும்பினானாம். அதை அவன் எங்களிடம் சொன்னதே இல்லை.

விடியற்காலை அவர்களை ஹாயெனாவில் வழியனுப்பினோம். நாலு பேர், இரண்டு படகு. பிறகு நான் காரில் உட்கார்ந்தேன். நேராகப் பார்த்தால் 27 கிலோமீட்டர். ஆனால் தீவைச் சாலை முழு வட்டமாகச் சுற்றவில்லை. மறு கோடிக்குப் போக, வந்த வழியே திரும்பித் தீவை முக்கால்வாசிக்குமேல் சுற்றவேண்டும். வழியில் ஹனலேய்ப் பள்ளத்தாக்கில் சேப்பங்கிழங்கு வயல்கள், நம் ஊர் நாற்றங்கால்போல் தண்ணீர் கட்டி நின்றன. 2018 ஏப்ரல் 14, 15 தேதிகளில் அதை அடுத்த வைபாவில் 24 மணி நேரத்தில் 49.69 அங்குலம் கொட்டியது. அமெரிக்க நாட்டுக்கே அது சரித்திரம். சென்னையின் ஒரு வருஷத்து மழை, கிட்டத்தட்ட ஒரே நாளில்! முந்தின நாள் என் மனைவி காட்டிய கல் மறுபடி கண்ணில் தோன்றியது.

மத்தியானம் போலிஹாலே மணலில் போய் உட்கார்ந்தோம். தீவின் மேற்குக் கோடி. இறந்தவர்களின் ஆவி இங்கேயிருந்துதான் மறு உலகத்துக்குப் பாய்கிறது என்பது அந்த மக்களின் பழைய நம்பிக்கை. காத்திருக்கிறவர்களுக்குச் சொல்லக்கூடிய விஷயமில்லை. நான் என் மனைவியிடம் சொல்லவில்லை.

ஒரு மணி. இரண்டு மணி. பாறை முனையைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டரைக்கு முனையைச் சுற்றிக்கொண்டு ஒரு மஞ்சள் புள்ளி வந்தது. துடுப்புகள் வெயிலில் மின்னின. மனைவி எழுந்து நின்றாள். அருகே வரவர இரண்டு தலைகள் தெரிந்தன. அவன் இல்லை. சிநேகிதர்கள்.

ஒரு படகு.

அலையில் குலுங்கிக் கரையேறியவர்கள், "பின்னாலேயே வர்றாங்க" என்றார்கள். பின்னால் பார்த்தோம். கடல்தான் இருந்தது. நான் எத்தனையோ பேரைக் கதையில் தண்ணீரில் அனுப்பியிருக்கிறேன். கரையில் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. மணலில் கிடந்த சாமான்களைத் திரும்பத் திரும்ப எண்ணினேன். ஏன் எண்ணுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கடைக்காரர் லைஃப் ஜாக்கெட்டை எண்ணியது ஞாபகம் வந்தது. என் மனைவி உட்காரவே இல்லை.

இருபத்தைந்து நிமிஷம் கழித்து மற்ற படகு வந்தது. ஒரு குகைக்குள் நுழைந்து பார்த்துவிட்டு வந்தார்களாம். "என்னக்கா, பயந்துட்டியா?" என்று சிரித்தான். அவள் ஒன்றும் சொல்லாமல் அவன் தலையைத் துண்டால் துவட்டினாள். முப்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை, குழந்தைபோல் குனிந்து நின்றான்.

ஊருக்கு வந்ததும் அந்தக் கார்டைத் தேடினேன். பாராட்டுக் கடிதங்கள் அத்தனையும் பத்திரமாக இருக்கின்றன. அது மட்டும் இல்லை. பேரன் எழுதிய விலாசமும் அதோடு போயிற்று.

நாவலுக்கு மறுபதிப்பு வருகிறது. திருத்தம் இருந்தால் செய்து தரும்படி பதிப்பாளர் கேட்டிருந்தார். ஓடக்காரனைத் திருப்பி அழைக்க முடியாது; பின்னால் உள்ள பதினெட்டு அத்தியாயமும் அவன் சாவின்மேல் நிற்கின்றன. சரி, அந்த நாலு பேரையாவது கவனிப்போம் என்று உட்கார்ந்தேன். ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் வைத்தேன். வைத்தியருக்கு ஒரு தங்கையைக் கொடுத்து, அவளை அரிக்கேன் விளக்கோடு துறையில் நிறுத்தினேன்.

அன்றிலிருந்து ஓடக்காரன் கட்டை அவிழ்க்க மாட்டேன் என்கிறான். தண்ணீர் விளிம்பில் ஏதோ ஒரு கல்லையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். பதிப்பாளர் வாரம் ஒரு கடிதம் போடுகிறார். அவருக்கும் இன்னும் பதில் எழுதவில்லை.